அம்மா படிக்காத வரி

ஜூன் 2, செவ்வாய்

இன்று முப்பத்தொரு புகார்களுக்குப் பதில் எழுதினேன். பேருந்து நிற்காமல் போனதற்கு வருந்துகிறோம். இருக்கையில் ஆணி நீட்டிக்கொண்டிருந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். எதற்கு 'மிகவும்' போடுவது என்பதற்கு எங்கள் புகார்ப் பிரிவில் ஒரு பட்டியலே உண்டு. தாமதம் என்றால் வெறும் வருத்தம். காயம் என்றால் 'மிகவும்'.

வீட்டுக்கு வந்தால் அப்பா சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நடுவில் ஒரு படிவமும் பக்கத்தில் மூன்று பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சபையில் கொடுத்தார்களாம். 'குடும்பத்தின் விசுவாச நோக்க அறிக்கை.' ஆண்டவருக்கு முன்பாக இந்தக் குடும்பம் எதற்காக இருக்கிறது என்று ஆறு வரியில் எழுத வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு, குடும்பம் குடும்பமாக மேடை ஏறி, வரிகளைப் பங்கு போட்டு வாசிக்க வேண்டும். அப்புறம் சட்டம் போட்டுத் தருவார்கள், சுவரில் மாட்டிக்கொள்ள.

"உனக்குத்தான் எழுத வருமே. நீயே எழுதிடு" என்றார் அப்பா.

"எனக்கு வருத்தம் தெரிவிக்கத்தான்ப்பா வரும்."

அம்மா மட்டும் சிரித்தாள்.

ஜூன் 4, வியாழன்

அவசரம் எதற்கென்று தெரிந்துவிட்டது. சபையை நிர்வகிக்கிற மூப்பர்களில் ஒருவருடைய இடம் காலி. அறிக்கை வாசிப்பு முடிந்த பிறகுதான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்களாம்.

அப்பா இருபத்திரண்டு வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே, மே மாதத்திலும் குல்லா போட்டுக்கொண்டு நிற்கிற வேலை. மேடையில் உட்கார ஒரு நாற்காலி கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அறிக்கைக்காக அவர் குறித்து வைத்திருந்த தாளைப் பார்த்தேன். அன்பு, தாழ்மை, விருந்தோம்பல், தாழ்மை. தாழ்மை இரண்டு தடவை. இரண்டாவதுக்கு அடிக்கோடு.

ஜூன் 5, வெள்ளி

மத்தியானம் அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். குரலை அவ்வளவு தாழ்த்திப் பேசுகிறாள், பக்கத்து மேசைக்காரி நான் போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"இன்னைக்குக் கேக்குறேன்."

"கேளுடி. சீக்கிரம் கேளு."

கல்யாணமாகி மூன்று வருடம். புருஷன் சபையில் பாட்டு நடத்துகிறவன். 'தேன்குரல்' என்றுதான் எல்லோரும் அவனைச் சொல்வார்கள். அவன் வாயைத் திறந்தால் ஜனம் கண்ணை மூடிக்கொள்ளும். வீட்டில் அவன் வாயைத் திறந்தால் என்ன வரும், கையை ஓங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் நாலு பேருக்குத் தெரியும். இரண்டு தடவை பையோடு வந்தாள். முதல் தடவை அப்பா ஜெபம் பண்ணித் திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை போதகரைக் கூட்டி வந்து ஜெபம் பண்ணித் திருப்பி அனுப்பினார். என் அறையில் அவள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது சபையின் ஸ்பீக்கர் பெட்டிகள் நாலு அடுக்கியிருக்கின்றன.

அக்கா இங்கேயே வந்து இருக்கட்டுமா என்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன்.

"அறிக்கை வேலை முடியட்டும்மா. இந்த நேரத்துல வீட்டுல குழப்பம் வேண்டாம்."

குழப்பமாம். பெற்ற பெண்ணுக்கு இப்படி ஒரு பேர்.

ஜூன் 9, செவ்வாய்

ஆறு வரியும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து வரி வழக்கமான சரக்கு, தூங்கிக்கொண்டே எழுதலாம். ஐந்தாவதை மட்டும் வேண்டுமென்றே எழுதினேன்: 'உடைந்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டில் எப்போதும் இடம் உண்டு.' படித்ததும் சுருக்கென்று தைக்கும், தலை குனிவார், அப்போது அக்கா பேச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கிவிட்டது.

"இதுதாம்மா. இதைத்தான் சொல்லணும்னு தவிச்சேன், வார்த்தை வரல."

உறைக்கவே இல்லை. ஒரு துளிகூட. நடிப்பாக இருந்தால் சகித்துக்கொள்ளலாம். மனுஷன் நிஜமாகவே அழுகிறார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, இவ்வளவு அழகாக எழுதித் தொலைத்த என்மேல் பாதி.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து தாளை வாங்கிப் படித்தாள். ஈரக் கை பட்டு ஓரம் நனைந்துவிட்டது.

"பாத்து, பாத்து" என்று பிடுங்கிக்கொண்டார்.

ஜூன் 10, புதன்

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். சீ.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்தோத்திரம்மா! உங்கப்பா எழுதினதைப் பாத்தேன், அப்படியே உருகிட்டேன். எல்லார் அறிக்கையையும் நீயே ஒரு தடவ பாத்து டைப் அடிச்சுக் குடுத்துடு." நாற்பத்து மூன்று படிவங்களைத் துணிப்பையோடு கொடுத்தாள். "தப்பை மட்டும் திருத்து கண்ணு. கருத்துல கை வச்சுடாதே."

'உங்கப்பா எழுதினது.' சரிதான்.

ஜூன் 15, திங்கள்

பையைப் பிரித்தேன்.

துணிக்கடைக்காரர் குடும்பம்: 'எங்கள் நாவில் பொய் தங்காது.' சாயம் போகவே போகாது என்று அவர் சத்தியம் செய்து விற்ற சட்டையை ஊறவைத்ததில் எங்கள் வாளி இன்னும் நீலமாக இருக்கிறது. நாலு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்: 'அந்நியரை உபசரிப்போம்.' அவர் மதில்மேல் கண்ணாடிச் சில்லு, வாசலில் இரண்டு நாய். யாரோ ஒரு தம்பதி 'எங்கள் இரட்டைப் பிள்ளைகளை ஆண்டவருக்குள் வளர்ப்போம்' என்று எழுதப்போய், அதைப் பார்த்து ஐந்து குடும்பம் அப்படியே காப்பியடித்திருக்கிறது. அதில் ஒன்று பல் டாக்டருடையது. கல்யாணமே ஆகாதவர், வீட்டில் அவரும் அவர் அம்மாவும்தான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

முப்பத்தெட்டாவது படிவத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

தேன்குரல் வீடு. 'எங்கள் வீட்டில் குரல் உயராது. கோபம் எங்கள் வாசற்படியைத் தாண்டாது.' அக்காதான் எழுதியிருக்கிறாள், அவளுடைய 'ழ' எனக்குத் தெரியும். ஆனால் எழுத்து அவளுடையது மாதிரி இல்லை. அச்சுப்போல நிமிர்ந்து நிற்கிற கையெழுத்து அவளுக்கு. இது தாறுமாறாகச் சரிந்து கிடக்கிறது. கீழே போட்ட கையெழுத்து சின்னப் பிள்ளை கிறுக்கியதுபோல்.

இடது கையால் எழுதியிருக்கிறாள். ஏன்?

ஜூன் 16, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிப் போனேன். அவன் இல்லாத நேரம். வலது மணிக்கட்டில் கட்டு. விரல்கள் வீங்கி, நகமெல்லாம் கறுத்திருந்தது.

"என்னடி திடீர்னு?"

"கையில என்ன?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

"அது எப்படித் தானா மாட்டும்?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி, "சாத்தினது அவர். கை என்னுது" என்றாள்.

எலும்பில் விரிசல். மறுநாளே அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறான். அவள் கையெழுத்துதான் பார்க்க லட்சணமாக இருக்குமாம். வலது கை முடியாது என்றதற்கு, இடது கை இருக்கிறதே என்றானாம்.

என்னோடு வா, எங்கேயாவது ஒரு அறை எடுத்துக்கொள்வோம் என்றேன்.

"நாம ரெண்டு பேர் மட்டும் இருந்தா வந்து இழுத்துட்டுப் போவாரு. சபையும் கூட வரும். அப்பா வீட்டு வாசப்படின்னா யோசிப்பாரு. அங்க வந்தாத்தான் எனக்கு உயிர் தங்கும். புரியுதா?"

புரிந்தது.

ஜூன் 17, புதன்

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, நகம், இடது கை.

"கதவு இடிக்கிறது எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்."

"சாத்தினது அவன்ப்பா!"

"கத்தாதே. இருபத்தெட்டு முடியட்டும். இன்னும் பதினோரு நாள்தானே."

எங்கள் பேருந்துக் கம்பெனிகூடக் காயம் என்றால் 'மிகவும்' போடும்.

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்து போய்விட்டாள். அவளும் அப்படித்தானா? எல்லோரும் அப்படித்தானா?

ஜூன் 21, ஞாயிறு

வீட்டில் ஒத்திகை. அப்பாவுக்கு முதல் இரண்டு வரி. எனக்கு மூன்றும் நாலும். "கடைசி ரெண்டும் உங்கம்மாவுக்கு. அந்த அஞ்சாவது வரி பொம்பளைக் குரல்ல வந்தாத்தான் உருக்கமா இருக்கும்."

அம்மா தன் முறை வந்ததும் இருமினாள். தண்ணீர் குடித்தாள். தொண்டை சரியில்லை, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அப்புறம் மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன். "நீ அதைப் படிக்கப் போறியா?"

அவளுக்கு முதியோர் காப்பகத்தில் வேலை. படுக்கையோடு கிடக்கிறவர்களைச் சுத்தம் செய்வது.

"தினம் பதினாறு பேருக்குத் துடைச்சு விடுறேன். ஒரு நாளும் கை கூசினதில்ல. இதைப் படிக்க வாய் கூசுது."

அவ்வளவுதான் சொன்னாள். போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "சரியாப் புடி" என்றாள்.

ஜூன் 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பதினேழாவது. பின்னால் திரையில் ஆறு வரியும் பெரிதாகத் தெரிந்தன. மேடையின் ஓரத்தில் கீபோர்டோடு தேன்குரல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மெல்லிசாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வரிசையில் அக்கா, கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு. அப்பா தன் வரிகளை வாசித்தார், கணீரென்று. நான் என்னுடையதை ஒப்பித்தேன். மைக் அம்மாவிடம் போனது.

அம்மா திரையைத் திரும்பிப் பார்த்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சாவது வரிய நான் படிக்கல. அது எங்க வீட்டுல இன்னும் உண்மையாகல. எங்க பெரியவ ரெண்டு தடவ வந்தா, திருப்பி அனுப்பிட்டோம். உண்மையானப்புறம் வந்து படிக்கிறேன்."

ஆறாவது வரியைப் படித்துவிட்டு மைக்கைக் கொடுத்தாள்.

கீபோர்டு நின்றது. அப்பாவின் காது சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் எல்லாம் உடைந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், ஆசைப்பட்டேன். யாராவது எழுந்து ஏன் அனுப்பினீர்கள், எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள் என்று.

போதகர் விடுவாரா! "அல்லேலூயா! எப்பேர்ப்பட்ட சாட்சி! எத்தனை பேருக்கு இந்த நேர்மை இருக்கு? அடுத்த மாசம் நாலாவது ஞாயிறு சகோதரி இதே இடத்துல நின்னு அந்த வரியைப் படிப்பாங்க. நாம எல்லாரும் காத்திருப்போம்!" கைத்தட்டல். கூரை அதிர்ந்தது. தேன்குரல் மறுபடி வாசிக்கத் தொடங்கினான், இன்னும் உருக்கமாக.

எதை வேண்டுமானாலும் மென்று செரித்துவிடுகிற ஜனம் இது.

ஜூன் 29, திங்கள்

அப்பா அம்மாவோடு பேசவில்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டிகளை ஒவ்வொன்றாக வராந்தாவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். நான் உதவவில்லை.

ஜூலை 1, புதன்

அப்பாவே போய் அக்காவை அழைத்து வந்தார். ஒரு பை, ஒரு தலையணை. 'வா' என்றுகூடச் சொல்லத் தெரியாமல் அம்மா அவள் பையை வாங்கி, திறந்து, துணியையெல்லாம் துவைக்கப் போட்டுவிட்டாள். சுத்தமான துணி எல்லாம்.

எனக்கு அழுகை வந்தது. அதுவும் பத்து நிமிடம்தான். வராந்தாவில் அப்பா போனில்: "ஆமா மாப்பிள்ளை, இருபத்தாறு வரைக்கும்தான். வாசிச்சு முடிச்சதும் வந்து கூட்டிட்டுப் போங்க. சபைக்கு முன்னாடி வார்த்தை குடுத்தாச்சு இல்லையா?"

இருபத்தைந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறார், பெற்ற மகளை. ஒரு வரியை உண்மையாக்க.

ஜூலை 3, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள், பையைத் தூக்குவாள் என்று பயந்தேன்.

"தெரியும்டி. வண்டியில வரும்போதே சொல்லிட்டாரு."

"உனக்கு அசிங்கமா இல்ல?"

"நீ வயிறு நிறையத் தின்னுட்டு அசிங்கம் பாக்குற. எனக்கு ராத்திரி முழிக்காம தூக்கம் வருது. எந்தக் காரணத்துக்குக் கூட்டிட்டு வந்தா என்ன? இருபத்தாறு வரைக்கும் நாள் இருக்கு, அதுக்குள்ள பாத்துக்கலாம்."

 

ஜூலை 8, புதன்

செயலாளர் ஆன்ட்டியிடம் அப்பா போனில் சொன்னது, அட்சரம் பிசகாமல்: "பாரம் தாங்காம நானே போய்க் கூட்டிட்டு வந்தேன் சிஸ்டர்." ஒரு புழுவைக் காலால் நசுக்கிய மாதிரி இருக்கிறது அந்தக் குரலைக் கேட்க.

ஜூலை 19, ஞாயிறு

அடுப்படியில் அக்கா இடது கையால் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பின்னாலிருந்து வந்து, அவள் தலைக்கு மேலிருந்த அலமாரியில் பிஸ்கட் டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினார்.

அக்கா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். கட்டுப் போட்ட கையால் தலையை மூடிக்கொண்டு. கோப்பை உருண்டு தேநீர் தரையெல்லாம் ஓடியது.

அப்பாவின் கை மேலேயே நின்றுவிட்டது. இறக்கினால் அதற்கும் பயப்படுவாளோ என்று அவருக்குத் தெரியவில்லைபோல.

"பிஸ்கட்டும்மா" என்றார். "பிஸ்கட் எடுக்கத்தான்..."

அக்கா எழுந்து, துணி எடுத்து, தரையைத் துடைத்தாள். "சாரிப்பா. கை தவறிடுச்சு."

ஜூலை 22, புதன்

மூன்று நாளாக அப்பா அடுப்படிக்குள் நுழையும் முன்னால் "நான்தான் வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நுழைகிறார். தண்ணீர் குடிக்க வந்தாலும் சொல்கிறார். கேலி செய்ய வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 26, ஞாயிறு

அம்மா இன்று ஞாயிறு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சபைக்கு உடுத்திக்கொண்டு நின்ற அப்பா வாசலில் மறித்தார். "எல்லாரும் காத்திருப்பாங்க. அவ இங்கதானே இருக்கா? வரி உண்மையாயிடுச்சு இல்ல?"

"நாளைக்கும் இருப்பாளா?"

அப்பா விலகி வழிவிட்டார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவர் தனியாகப் போனார், தனியாக வந்தார். என்ன சொன்னார், என்ன கேட்டார்கள் என்று தெரியாது. நானும் கேட்கவில்லை. மூப்பர் பேர் அடுத்த வாரம் அறிவிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அக்கா பையை எடுத்துத் துணியை மடித்து வைத்தாள். மறுபடி வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஏன்டி உயிரை வாங்குறே என்று கத்திவிட்டேன். அவளிடம் போய்க் கத்துகிறேன் நான்.

ஜூலை 27, திங்கள்

சாயங்காலம் ஆறரைக்கு வந்தார்கள். தேன்குரல், செயலாளர் ஆன்ட்டி, கூட ஒரு மூப்பர். ஆன்ட்டி கையில் பொன்னிறச் சட்டம் போட்ட எங்கள் அறிக்கை. ஐந்தாவது வரி இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்திருந்தார்கள், சிஸ்டர் படித்த பிறகு எழுதிக்கொள்ளலாமாம். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள். நான் தேநீர் போட்டுக் கொண்டு வந்து வைத்தேன். துப்பி வைக்கத்தான் ஆசை.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "பிரதர், கர்த்தர் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வச்சா அதுவே பெரிய சாட்சி. ஞாயித்துக்கிழமை அறிவிப்பு வேற இருக்கு. உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல."

தேன்குரல் அந்தக் குரலில் சொன்னான்: "கூப்பிடுங்க மாமா. கிளம்பட்டும்."

அப்பா சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு அதை எடுத்துச் சோபாவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்க்க, தரையில் சாய்த்து வைத்தார்.

"அவ தூங்குறா" என்றார்.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி விழுந்துகூடத் தொலைத்தது. ஆன்ட்டி அடுப்படியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"எப்ப எழுந்திரிப்பா?" என்றான் தேன்குரல். குரலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

"தெரியாது மாப்பிள்ளை. ரொம்ப நாள் தூங்கல போலிருக்கு. எழுப்ப மாட்டேன்." அப்பா கோப்பைகளை அவர்கள் பக்கம் நகர்த்தினார். "டீ ஆறுது. குடிச்சிட்டுப் போங்க."

மூப்பர் எதையோ தொடங்கினார். அப்பா எழுந்து கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர்கள் குடிக்கவில்லை. போனார்கள்.

படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நிறைந்த கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, அப்பாவே எடுத்துக்கொண்டு போனார். அடுப்படி வாசலில் நின்றார். "நான்தான் வர்றேன்." உள்ளே போய்த் தொட்டியோரம் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் "இதையும் கழுவிடும்மா" என்றார்.

"தூங்குறவ எப்படிப்பா கழுவுவா?" என்றாள் அக்கா.

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய்க் குழாயைத் திறந்தார்.